ஈடிபஸ் நாஞ்சில் நாட்டில் பிறந்திருந்தால் யாரைக் கொன்றிருப்பான்?

பழையாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

பூதப்பாண்டி பக்கத்தில் எங்கள் பழைய வீட்டைப் பிரித்தபோது பரணில் ஒரு மரப்பெட்டி கிடைத்தது. உள்ளே செல்லரித்த பத்திரங்கள். அவற்றில் ஒன்றில் 'உகந்துடைமை' என்ற சொல்லைப் பார்த்தேன். மூன்று வாரமாக அந்தச் சொல் என்னை விடவில்லை.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் 1926 வரை மருமக்கள் வழி இருந்தது. ஒருவர் தேடிய சொத்து அவருடைய பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரியின் பிள்ளைகளுக்குத்தான் போகும். கொல்லம் ஆண்டு 1101-ல் திருவிதாங்கூர் அரசு கொண்டுவந்த சட்டம்தான் அதை மாற்றியது. அதற்கு முன்பு மனைவி மக்களுக்கென்று கிடைத்த சிறு பங்கின் பெயர் உகந்துடைமை. உகந்து கொடுத்தது, பிரியப்பட்டுக் கொடுத்தது. அதாவது அப்பாவிடமிருந்து மகனுக்கு வருவது உரிமை இல்லை, பிரியம். உரிமை மாமாவிடமிருந்து வரும்.

இப்போது ஃபிராய்டை இங்கே கொண்டுவருகிறேன். தெரியாமல் அப்பாவைக் கொன்று அம்மாவை மணந்த கிரேக்கக் கதை நாயகன் ஈடிபஸ். அந்த ஆசையும் பகையும் எல்லா மகன்களின் மனதடியிலும் உண்டு என்றார் ஃபிராய்ட். அம்மா, அப்பா, மகன் என்ற முக்கோணத்தில் அப்பா இரண்டு வேலை செய்கிறார். அம்மாவின் படுக்கையைப் பகிர்கிறவர் அவர், வீட்டுச் சட்டமும் அவர். இரண்டும் ஒரே ஆளாக இருப்பதால் மகனுக்கு அவர்மேல் பொறாமையும் பயமும் ஒன்றாகக் கலந்து நிற்கின்றன. எங்கள் வீடுகளில் இந்த இரண்டு வேலையும் இரண்டு பேரிடம் இருந்தன. அம்மாவோடு வாழ்ந்தவர் அப்பா. சட்டமாக இருந்தவர் வேறு ஊரில், வேறு வீட்டில் இருந்த தாய்மாமன்.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் பசிபிக் கடலின் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கியிருந்த மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி கிட்டத்தட்ட இதே அமைப்பைப் பார்த்தார். அங்கேயும் பெண் கணவன் ஊருக்குப் போய் வாழ்வாள், சொத்து தாய்மாமனிடமிருந்து வரும். அங்கே பையனின் பகை அப்பாமேல் இல்லை, மாமன்மேல் என்று 1927-ல் புத்தகமாக எழுதினார். அதற்கு முன்பே 1925-ல் ஃபிராய்டின் சீடர் எர்னஸ்ட் ஜோன்ஸ் மறுத்திருந்தார். அப்பாமேல் வரும் வெறுப்பைத் தாங்க முடியாமல்தான் அந்தச் சமூகம் அதை மாமன்மேல் தள்ளிவைத்திருக்கிறது, அடியில் கிடப்பது அதே ஈடிபஸ்தான் என்பது ஜோன்ஸின் கட்சி.

என் பாட்டா சட்டம் வருவதற்கு முன்னால் பிறந்தவர். தன் அப்பாவைப் பற்றிப் பேசினால் சிரிப்பார். மாமாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தோளில் கிடக்கும் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கிவிடும். அந்த மாமா செத்து நாற்பது வருஷம் ஆகியிருந்தது.

மலினோவ்ஸ்கியா, ஜோன்ஸா? நம் ஊர்ப் பாட்டு, கதை, இலக்கியத்தை வைத்து யாராவது யோசித்திருக்கிறீர்களா?

---

தோவாளைக்காரி

அண்ணாச்சி, நல்ல கேள்வி. ஆனால் பதிவு முழுக்க அப்பா, மகன், மாமா, மருமகன். அந்த வீட்டில் அடுப்பு எரித்தவள் எங்கே?

இந்த வழக்கத்தைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கிற பெரிய இலக்கியச் சாட்சி கவிமணியின் மருமக்கள்வழி மான்மியம். அதில் பேசுவது மகனும் இல்லை, மருமகனும் இல்லை. ஒரு காரணவருக்கு, அதாவது குடும்பத் தலைவருக்கு, ஐந்தாம் மனைவியாக வாழ்க்கைப்பட்டவள் பேசுகிறாள். அதில் ஒரு பகுதிக்கு 'மாமி அரசியற் படலம்' என்றே பெயர். தாய்வழிச் சொத்து என்றதும் பெண்ணுக்கு அதிகாரம் என்று வெளியே இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே பெண் பிறந்த வீட்டில் வாழவில்லை, கணவன் வீட்டில் வாழ்ந்தாள். அந்த வீட்டின் வாரிசு அவள் பிள்ளை இல்லை, நாத்தனார் பிள்ளை. கணவன் கண்ணை மூடினால் பிள்ளைகளோடு படியிறங்க வேண்டியவள். அவள் வயிற்றில் வளர்கிற பிள்ளைக்கு அந்த வீட்டுச் சுவரில் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை.

அப்படிப்பட்டவள் மகனை எப்படி வளர்த்திருப்பாள்? உங்கள் முக்கோணத்துக்கு முன்னால் இந்தக் கேள்வி இருக்கிறது. 1978-ல் சமூகவியலாளர் நான்சி சோடரோ கேட்டதும் இதைத்தான். குழந்தையை ஏன் எல்லா இடத்திலும் பெண்ணே வளர்க்கிறாள், அதனால் ஆண் மனமும் பெண் மனமும் எப்படி வேறுவேறாக உருவாகின்றன என்று அவர் கேட்டார். தாய்மை இயற்கை, அதனால் கேள்வி வேண்டாம் என்று ஃபிராய்ட் தாண்டிப்போன இடத்தில் அவர் உட்கார்ந்துகொண்டார்.

நாட்டார் கதைகளை ஆராய்ந்த ஏ.கே. ராமானுஜனும் ஒன்று கவனித்தார். மகன் அப்பாவைக் கொல்லும் கதை இந்தியாவில் அரிது. அப்பா மகனைத் தண்டிக்கும் கதைதான் நிறைய. சிவன் பிள்ளையாரின் தலையை வெட்டுகிறார். யயாதி மகன் புருவின் இளமையையே வாங்கிக்கொள்கிறார். கன்னட நாட்டில் அவர் சேகரித்த ஈடிபஸ் மாதிரிக் கதை ஒன்று தாயின் வாயால் சொல்லப்படுகிறது, மகன் அதில் வெறும் பாத்திரம். யார் சொல்கிறார்கள் என்பது மாறினால் சிக்கலே வேறாகிவிடுகிறது. ஈடிபஸ் யாரைக் கொன்றிருப்பான் என்று கேட்டீர்கள். அவன் அம்மா யோகாஸ்தா எந்த வீட்டுத் திண்ணையில் அழுதிருப்பாள் என்று நான் கேட்கிறேன்.

---

பனைவிளை

இரண்டு பேரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். நாஞ்சில் நாட்டு மனம் என்று சொல்லிவிட்டு ஒரு சாதியின் சொத்து முறையை மட்டும் பேசுகிறோம். மாமா கொடுப்பாரா, அப்பா கொடுப்பாரா என்று ஏங்குவதற்கு முதலில் கொடுக்க ஏதாவது இருந்திருக்க வேண்டும். எங்கள் முன்னோர்களுக்குத் தோளில் துணி போடவே உரிமை கிடையாது. 1822-ல் தொடங்கிய தோள்சீலைப் போராட்டத்தில் 1859-ல்தான் அரசாணை வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதைப்போல உடுத்தக்கூடாது என்ற வாலோடுதான் வந்தது.

இந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தவர் ஃபனான். மார்த்தினிக் தீவில் பிறந்த மனநல மருத்துவர். 1952-ல் எழுதிய நூலில், எங்கள் ஊர்க் குடும்பங்களுக்குள் ஈடிபஸைத் தேடாதீர்கள் என்கிறார். நோய் வீட்டு முற்றத்தில் தொடங்கவில்லை, கறுப்பு உடம்பின்மேல் விழும் வெள்ளைப் பார்வையில் தொடங்குகிறது என்பது அவர் சொன்னது. ரயிலில் ஒரு வெள்ளைக் குழந்தை அவரைச் சுட்டிக்காட்டிக் கத்துகிற இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். எங்கள் பாட்டியின் பாட்டி தெருவில் நடந்தபோது அவள்மேல் விழுந்த பார்வை அதுதான்.

அய்யாவழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் 1809-ல் பிறந்தபோது பெற்றவர்கள் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். முடி என்ற சொல் தாழ்த்தி வைக்கப்பட்ட சாதிப் பிள்ளைக்கு ஆகாது என்று எதிர்ப்பு வந்ததால் முத்துக்குட்டி என்று மாற்றினார்கள். பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் லக்கான் 'தந்தையின் பெயர்' என்று ஒன்றைச் சொல்வார். ஒரு குழந்தை பெயரின் வழியாகத்தான் சமூகத்தின் ஒழுங்குக்குள் நுழைகிறது என்பார். தகப்பன் வைத்த பெயரையே ஊர் பிடுங்கிக்கொண்டால் அந்தக் குழந்தை எந்த வாசல் வழியாக நுழையும்? எங்கள் ஊரில் சட்டமாக நின்றது அப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை. சாதி.

இன்னொன்று. அய்யாவின் தலைமைப்பதியான சாமிதோப்புக்கோ, ஊர்களில் இருக்கும் வழிபாட்டு இடமான ஏதாவது ஒரு நிழல் தாங்கலுக்கோ போனவர்களுக்குத் தெரியும். கருவறை போன்ற பள்ளியறையில் சிலை கிடையாது. கண்ணாடி இருக்கும், விளக்கு இருக்கும். ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். கும்பிட நிமிர்ந்தால் உன்னைத்தான் பார்ப்பாய், தலையில் துணியோடு.

லக்கானின் கண்ணாடிப் பருவம் ஆறு மாதத்துக்கும் பதினெட்டு மாதத்துக்கும் இடைப்பட்டது. கைகால் இன்னும் வசப்படாத குழந்தை கண்ணாடியில் முழு உருவத்தைப் பார்த்துக் குதிக்கிறது. ஆனால் அந்த உருவம் அதற்கு வெளியே இருக்கிறது, அதனால் 'நான்' என்பதே ஒரு தவறான அடையாளத்தில் தொடங்குகிறது என்பது அவர் வாதம். பள்ளியறைக் கண்ணாடியில் நடப்பது இதற்கு மறுபக்கம். இங்கே பார்ப்பவர் குழந்தை இல்லை. ஏற்கெனவே பிறர் கண்ணில் தன்னைப் பார்த்துப் பார்த்துக் குனிந்துபோன வளர்ந்த மனிதர். அவருக்கு முதல் பொய்யைச் சொன்னது ஊரின் கண். கண்ணாடி அந்தப் பொய்யைத் திருத்துகிறது. கூட்ட நாளில் பக்கத்தில் நிற்பவரும் அதில் தெரிவார், அவர் தலையிலும் துணி இருக்கும்.

லக்கானை வைத்து அய்யாவை விளக்க நான் வரவில்லை. கண்ணாடிப் பருவத்துக்கு லக்கான் எழுதாத இரண்டாவது அத்தியாயம் ஒன்று இந்த மண்ணில் இருக்கிறது என்று சொல்ல வந்தேன்.

---

பழையாற்றங்கரை

பனைவிளை, வருத்தம் நியாயம். தலைப்பை நான் அவசரத்தில் வைத்தேன், என் வீட்டுப் பரணை மட்டும் பார்த்து.

---

ஆரல்காற்று

நான் மனநல ஆலோசனைத் துறையில் பத்து வருடமாக வேலை செய்கிறேன். அதனால் கொஞ்சம் தயக்கத்தோடு நுழைகிறேன்.

உளப்பகுப்பாய்வு என்பது முதலில் ஒரு ஆள் பேச, இன்னொரு ஆள் கேட்கிற வேலை. பேசுகிறவர் தன் கனவைச் சொல்வார், அதிலிருந்து மனதுக்கு வந்ததையெல்லாம் சொல்வார். கேட்பவர் சொல்லும் விளக்கம் பிழை என்றால் மறுப்பார், அழுவார், அடுத்த நாள் வராமலே இருந்துவிடுவார். ஒரு பாட்டையோ ஒரு சமூகத்தையோ படுக்கவைத்தால் அது மறுத்துப் பேசாது. நாம் சொல்வதெல்லாம் சரியாகவே இருக்கும். இலக்கியத்தில் இந்த முறையைப் பயன்படுத்துகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். சாவி கிடைத்த மகிழ்ச்சியில் எல்லாப் பூட்டுக்கும் அதையே போடுகிறார்கள். அருவாள் வந்தால் ஆண்குறி, கிணறு வந்தால் கருப்பை. அப்படிப் படித்தால் எந்தக் கதையும் புதிதாக ஒன்றும் சொல்லாது.

இந்தியாவில் இதைத் தொடங்கிவைத்த கிரீந்திரசேகர் போஸை நினைத்துக்கொள்ளலாம். கல்கத்தாவில் 1922-ல் உளப்பகுப்பாய்வுச் சங்கம் அமைத்தவர், ஃபிராய்டோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர். ஃபிராய்ட் சொன்னதை அப்படியே ஒப்பிக்கவில்லை. தன்னிடம் வந்த ஆண்களிடம் காயடிப்பு அச்சத்தைவிடப் பெண்ணாக மாற வேண்டும் என்ற விருப்பம் தெரிகிறது என்று அவருக்கே எழுதினார். ஃபிராய்ட் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. போஸும் விட்டுக்கொடுக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஆட்களின் பேச்சைக் கேட்டதால் வந்த தைரியம் அது.

பழையாற்றங்கரை, உங்கள் பாட்டாவின் துண்டு இறங்கியது உங்கள் கண்ணால் கண்டது. மலினோவ்ஸ்கியையும் ஜோன்ஸையும்விட எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. அதை எந்தப் பெட்டியிலும் போட அவசரப்பட வேண்டாம்.

---

குடமடி

வணக்கம். எங்க குடும்பம் வில்லுப்பாட்டுக் குடும்பம். அப்பா வலம் பாடுவாங்க, நான் சின்ன வயசுலேர்ந்து குடம் அடிக்கேன். தியரி எனக்கு இந்த இழையில படிச்சதுதான். ஆனா கேக்குறதப் பத்திப் பேச்சு வந்ததால எழுதுதேன்.

இசக்கியம்மன் கோயில் கொடையில, அதாவது திருவிழாவுல, நாங்க நீலி கதை பாடுவோம். கதை எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் சொல்லுதேன். தாசிப் பொண்ணு ஒருத்திகிட்ட ஒரு பிராமணன் பழகி, அவ நகைக்கு ஆசப்பட்டு அவளக் கள்ளிக்காட்டுல வச்சுக் கொல்லுதான். மடியில தலைய வச்சு உறங்குதா. மணலக் கூட்டித் தலைக்கு அணை வச்சுட்டு மடிய உருவிக்கிடுதான். பொறவு கல்லத் தூக்கித் தலையில போடுதான். சாகும்போது அவ பக்கத்துல நின்ன கள்ளியப் பாத்து நீதான் சாட்சிங்கா. மறுபிறவியில அவன் செட்டியாப் பொறக்கான், இவ நீலியாப் பொறக்கா. கள்ளிக்கொப்ப ஒடிச்சுக் கொழந்தையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, இவன் என் புருஷன்னு பழையனூர்ல எழுவது வேளாளர் சபையில வழக்குச் சொல்லுதா. அந்தக் கொழந்தை இறங்கி ஓடிப்போயி அவன் மடியில ஏறி அப்பாங்குது. சபை நம்பிருது. அவன அவகூட அனுப்பிருதாங்க. விடிஞ்சா அவன் பொணம்.

இதுல நான் சொல்ல வந்தது, சாமி எப்ப வரும்ங்கிறது. சாமி ஆடுற கோமரத்தாடிக்கு அருள் வர்றது பழிவாங்குற எடத்துலதான்னு வெளியூர்க்காரங்க நெனைப்பாங்க. நான் கண்டமட்டும் பெரும்பாலும் அந்தக் கள்ளிக்காட்டுலதான் வரும். மணலக் கூட்டி அணை வைக்கிற எடத்துல. அங்க வந்ததும் அப்பா பாட்ட இழுத்துருவாங்க. ஒரு வரிய நாலு தடவ பாடுவாங்க, இடம் பாடுறவங்க திருப்பிச் சொல்லுவாங்க, வீசுகோல் மெதுவா விழும். பொம்பளைங்க குரவை போட ஆரம்பிப்பாங்க. ஆள் ஆடுறவரைக்கும் அடுத்த வரிக்குப் போகமாட்டோம். இது அப்பா சொல்லித் தந்தது: 'அவ இன்னும் சாகல மக்கா, அவசரப்படாத.'

---

ஆரல்காற்று

குடமடி அண்ணே, இதைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பயிற்சியில் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். காயம்பட்ட இடத்துக்குப் பேச்சு வந்ததும் ஓடாதே. அவர்கள் அங்கே எவ்வளவு நேரம் நிற்கிறார்களோ அவ்வளவு நேரம் நில்.

---

தோவாளைக்காரி

அந்தக் கள்ளிக் குழந்தையைப் பற்றி எழுதாமல் என்னால் தூங்க முடியாது.

ஃபிராய்டின் ஒரு கருத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். அமுக்கப்பட்டது திரும்பி வரும், ஆனால் போன உருவத்தில் வராது. நீலி கதை இதை எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறது பாருங்கள். கொலைக்கு ஒரே சாட்சி கள்ளி. அதற்கு வாயில்லை. அதுவே குழந்தையாகி வந்து சபையில் வாய் திறக்கிறது. ஆனால் 'கொலைகாரன்' என்று சொல்லவில்லை, 'அப்பா' என்கிறது. அவன் நடுங்குகிறான், இவள் பேய் என்று கதறுகிறான், சபைக்குப் புரியவில்லை. ஒரே சொல்லில் சபை ஒன்றைக் கேட்கிறது, அவன் வேறொன்றைக் கேட்கிறான். எந்த மனநோய்க் குறிப்பிலும் ஒரு நோய்க்குறி இவ்வளவு தெளிவாக இரண்டு பொருளில் பேசி நான் படித்ததில்லை.

இசக்கி சிலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பில் ஒரு குழந்தை. சில இடங்களில் வாயில் ஒரு குழந்தை. காலடியில் ஒரு ஆண். குழந்தை மனதை ஆராய்ந்த உளப்பகுப்பாய்வாளர் மெலனி கிளைனைப் படித்தவர்கள் உடனே நல்ல தாய், கெட்ட தாய் என்று பிரித்துவிடுவார்கள். பால் கொடுக்கும் மார்பையும் கொடுக்காத மார்பையும் ஒன்றென்று ஏற்க முடியாமல் குழந்தை இரண்டாகப் பிளக்கிறது என்பது கிளைன். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் இசக்கி பிளவுபடவில்லையே! இரண்டு குழந்தையும் ஒரே உடம்பில்தானே இருக்கின்றன. பிளப்பது பார்க்கிற நாம்.

அதைவிட, அது குழந்தையின் கண்ணிலிருந்து சொன்ன விளக்கம். என் அம்மாவுக்கு எனக்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. முப்பந்தல் இசக்கி கோயிலுக்குப் போய்த் தொட்டில் கட்டினாள். அந்த வாயில் கிடக்கும் குழந்தையை அவள் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றதாக என் சித்தி சொல்வாள். அவள் அதில் தன்னைத் தின்னவரும் கெட்ட தாயைப் பார்த்திருப்பாளா? போன இரண்டும் எங்கே போயின என்று யாரும் அவளிடம் பேசவில்லை. வீட்டில் அந்தப் பேச்சே கூடாது. அதைப் பற்றி வாய் திறந்தது அந்தச் சிலை மட்டும்தான். ஆண்களுக்கு அந்தச் சிலை பயமாக இருக்கலாம். அம்மாவுக்கு அது துக்கம் கேட்க ஒரு ஆள்.

---

பழையாற்றங்கரை

இரண்டு நாளாக இந்தப் பதிவையும் குடமடி தம்பி எழுதியதையும் மாற்றி மாற்றிப் படிக்கிறேன்.

நான் கேட்ட கேள்விக்கு ஒரு பாதிப் பதில் எனக்குக் கிடைத்திருக்கிறது. நீலி கதை தொண்டை நாட்டில் பழையனூரில் நடப்பது, அங்கிருந்து வந்தது. ஆனால் 'அப்பா' என்று ஒரு குழந்தை சபையில் கூப்பிட்டால் வழக்கு முடிந்துவிடும் என்ற கதையை, அப்படிக் கூப்பிட்டால் ஒரு முழம் வயல்கூடக் கிடைக்காத ஊரில் இரவெல்லாம் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். என் பாட்டாவும் கேட்டிருப்பார். அவர் காதில் அந்தச் சொல் எப்படி விழுந்திருக்கும்?

தம்பிமார் கதையும் நினைவுக்கு வந்தது. 1729-ல் திருவிதாங்கூர் ராஜா ராமவர்மா இறந்ததும் மருமகன் மார்த்தாண்டவர்மா பட்டத்துக்கு வந்தார். ராஜாவின் மகன்களான தம்பிமார் உரிமை கேட்டார்கள், கொல்லப்பட்டார்கள். அரசாங்க வரலாற்றில் அவர்கள் கலகக்காரர்கள். வில்லில் அவர்களுக்காக அழுகிறோம். மருமக்கள் வழியில் வாழ்ந்துகொண்டே, மகன்களின் சாவைப் பாடக் கேட்டிருக்கிறார்கள் நம் ஆட்கள். பகலில் ஏற்ற முறைக்கு இரவில் மனம் வேறு தீர்ப்பு எழுதியிருக்கிறது. மலினோவ்ஸ்கியும் ஜோன்ஸும் பகையை மட்டும் தேடினார்கள். அப்பாவுக்காக ஏங்குவதை இரண்டு பேருமே தேடவில்லை. உகந்துடைமை என்ற சொல்லில் எனக்குக் கேட்பது அந்த ஏக்கம்தான்.

---

பனைவிளை

அண்ணாச்சி, நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. அந்தக் கொடையில் எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்கவில்லை. பந்தலுக்குள்ளே யார், வெளியே பனைமூட்டில் நின்று கேட்டது யார் என்பது கதையின் பொருளையே மாற்றும். உள்ளே இருந்தவர் 'அப்பா' என்ற சொல்லைக் கேட்டிருப்பார். வெளியே நின்றவர் எழுபது பெரிய மனிதர்கள் கூடியும் பிழையான தீர்ப்பு சொன்னதைக் கேட்டிருப்பார். கடைசியில், தங்கள் தீர்ப்பால் ஒரு உயிர் போனதற்காக அந்த எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள் இல்லையா. அந்த வரி பனைமூட்டில் எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசியுங்கள்.

---

குடமடி

பனைவிளை அண்ணன் சொல்றது சரி. தீப்பாயுற எடத்தப் பாடும்போது பந்தலுக்கு வெளியதான் சத்தம் கூடும். அப்பாகிட்ட இப்பத்தான் போன் போட்டுக் கேட்டேன், அவுங்க காலத்துலயும் அப்படித்தானாம்.

தோவாளக்காரி அக்கா, உங்க அம்மா பத்தி எழுதுனத அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன். கொஞ்ச நேரம் பேசல. பொறவு, அம்மா இருக்காங்களான்னு கேட்டாங்க. வர்ற செவ்வாக்கெழம எங்களுக்கு ஒரு இசக்கி கோயில்ல கொடை இருக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு மேலதான் கள்ளிக்காடு வரும். கூட்டிக்கிட்டு வந்தா, வில்லுக்கு இடப்பக்கம் பொம்பளைங்க இருக்கிற எடத்துல பாய் போட்டு வைக்கச் சொல்லுதேன்.

---

தோவாளைக்காரி

இருக்கிறாள். எழுபத்தெட்டு வயது. கேட்டேன். எந்தப் பஸ்ஸில் போக வேண்டும் என்று கேட்கிறாள்.